ஆயிரம் பிராங்க் தாளில் இடம்பெற்ற எறும்பியல் அறிஞர்

சுவிட்சர்லாந்தில் 1978ஆம் ஆண்டு வெளியிடப்பட்டு 2000ஆம் ஆண்டில் திரும்பப் பெறப்பட்ட ஆயிரம் பிராங்க் தாளின் முகப்பில் தாடி வைத்த ஒரு முதியவரின் படம் இருந்தது. அதன் பின்பக்கத்தில் எறும்புகள் ஊர்ந்தன. 1983ஆம் ஆண்டுக்குப் பின் இலங்கையிலிருந்து தஞ்சம் கோரி அந்நாட்டுக்குச் சென்ற தமிழர்களில் பலர், உணவகச் சமையலறைகளில் உழைத்துச் சேர்த்த பணத்தில் அந்தத் தாளையும் பார்த்திருப்பார்கள். அதில் இருந்தவர் யார் என்று கேட்டறிந்தவர்கள் குறைவாகவே இருந்திருக்கக் கூடும்.

அவர் பெயர் ஓகுஸ்ட் ஃபோரெல். மனநல மருத்துவர், மூளை ஆய்வாளர், மதுவிலக்குப் பிரசாரகர், உலகின் பல பகுதிகளின் எறும்புகளை இனங்கண்டு பெயரிட்ட அறிஞர் எனப் பல முகங்கள் அவருக்கு உண்டு. இந்தியாவிலும் இலங்கையிலும் சேகரிக்கப்பட்ட எறும்புகள் பலவற்றுக்கு அறிவியல் பெயர் சூட்டியவரும் அவரே. எனினும், சுவிட்சர்லாந்தில் இன்று அவர் பெயரைச் சொன்னால் முதலில் எழுவது பெருமிதம் அல்ல, ஒரு வாக்குவாதம்.

தனிமையில் வளர்ந்த சிறுவன்

ஃபோரெல் 1848ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி, லெமான் ஏரிக்கரையில் உள்ள மோர்ஜ் நகருக்கு அருகே பிறந்தார். இது பிரெஞ்சு மொழி பேசப்படும் வோ மாநிலத்தைச் சேர்ந்த பகுதி. அவரது தாயார் பிரெஞ்சுப் புராட்டஸ்டண்ட் மரபில் வந்தவர். ஆழ்ந்த இறைப்பற்றும் அதைவிட ஆழ்ந்த அச்சமும் உடையவர். வெளியில் சென்றால் குழந்தைக்கு ஏதாவது நேர்ந்துவிடும் என்ற கவலையில் மகனை மற்றப் பிள்ளைகளோடு பழகவிடாமல் வளர்த்தார். விளையாட்டுத் தோழர்கள் இல்லாத அந்தச் சிறுவனின் பொழுது தோட்டத்து எறும்புகளைப் பார்ப்பதில் கழிந்தது.

ஜெனீவாவைச் சேர்ந்த பியர் ஹூபர் 1810ஆம் ஆண்டில் எழுதிய எறும்பு நூல் சிறு வயதிலேயே அவர் கைக்கு வந்தது. பியர் ஹூபரின் தந்தை ஃபிரான்சுவா ஹூபர், கண்பார்வை இழந்த நிலையிலும் தேனீக்களைப் பற்றி ஆராய்ந்து புகழ்பெற்றவர். பூச்சி ஆராய்ச்சி ஒரு குடும்பச் சொத்தைப் போலக் கைமாறி வந்த நாடு அது. சூரிச்சில் பேராசிரியராக இருந்த ஓஸ்வால்ட் ஹேர், நாட்டின் வண்டினங்கள் முழுவதையும் தொகுக்கும் நூலை ஃபோரெல் பிறப்பதற்கு முன்பே வெளியிட்டிருந்தார்.

1866ஆம் ஆண்டில் சூரிச்சில் மருத்துவக் கல்வியைத் தொடங்கிய ஃபோரெல், எறும்புகளை விட்டுவிடவில்லை. 1874ஆம் ஆண்டில், இருபத்தாறு வயதுகூட நிறைவடையாத நிலையில், சுவிட்சர்லாந்தின் எறும்புகள் பற்றிய பெருநூலை பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். இனங்களை வகைப்படுத்துவதோடு நில்லாமல் கூடு கட்டுதல், போர், அடிமை பிடித்தல், உணவுப் பங்கீடு ஆகியவற்றையும் அந்நூல் விரிவாகப் பேசியது. சார்லஸ் டார்வின் அதைப் படித்துவிட்டு அவருக்குப் பாராட்டுக் கடிதம் எழுதினார். எறும்பின் உடலில் தனக்கென ஒரு வயிறும், கூட்டாளிகளுக்கு ஊட்டுவதற்கென மற்றொரு பையும் இருப்பதைக் குறிப்பிட்டு, அந்தப் பைக்குச் சமூக வயிறு என்று பெயர் வைத்தவர் ஃபோரெல்.

முள்ளெலியின் சடலமும் வண்டுகளும்

ஃபோரெலின் ஆய்வு முறையைப் புரிந்துகொள்ள, எறும்பை விடவும் பொருத்தமான சான்று பிணந்தின்னி வண்டுகளைக் கொண்டு அவர் நடத்திய ஒரு சோதனை. பூச்சிகளின் புலனுணர்வு குறித்த அவரது ஆய்வு 1878ஆம் ஆண்டில் மியூனிக் நகரில் வெளியானது. அந்தக் காலத்தில் பூச்சிகள் எந்த உறுப்பால் மணம் அறிகின்றன என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. மூச்சுத் துளைகளால் என்றார்கள் சிலர். வாயுறுப்புகளால் என்றார்கள் வேறு சிலர். உணர்கொம்புகளைக் காது என்று நம்பியவர்களும் இருந்தார்கள்.

அழுகிக் கிடந்த ஒரு முள்ளெலியின் சடலமும் ஓர் எலியின் சடலமும் ஃபோரெலுக்குக் கிடைத்தன. அவற்றில் பல இன வண்டுகள் மொய்த்திருந்தன. சிறு பிராணிகளின் உடலை மண்ணுக்குள் புதைத்து அதில் குஞ்சுகளை வளர்க்கும் புதைவண்டு, தட்டையான உடல் கொண்ட சில்ஃபா, நீண்டு ஒடுங்கிய கிரியோஃபிலஸ், பளபளக்கும் சிறு சப்ரினஸ் ஆகியவை அவற்றுள் அடங்கும். பல பறந்தோடிவிட்டன. பிடிபட்ட நாற்பதுக்கும் மேற்பட்ட வண்டுகளின் உணர்கொம்புகளை அவர் வெட்டினார். அவற்றைப் புல்லில் ஓரிடத்தில் விட்டுவிட்டு, சடலங்களை இருபத்தெட்டு அடி எடுத்துவைக்கும் தொலைவுக்கு அப்பால் புதருக்குள் மறைத்துவைத்தார்.

மறுநாள் சென்று பார்த்தபோது உணர்கொம்பு இழந்த வண்டுகளில் ஒன்றுகூட அங்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. மீண்டும் மீண்டும் பார்த்தும் அதே முடிவுதான். புதிதாக வந்த முழு வண்டுகள் மட்டும் சடலங்களில் இருந்தன.

பலரும் இத்துடன் நிறுத்தியிருப்பார்கள். ஃபோரெல் நிறுத்தவில்லை. காயத்தின் வேதனையால் வண்டுகள் செயலிழந்திருக்கலாமே என்ற எதிர்வாதத்தை அவரே எழுப்பினார். அதைச் சோதிக்க, உணர்கொம்பு உள்ள ஒரு டஜன் வண்டுகளை எடுத்து, அவற்றின் உடலின் ஒரு பக்கத்துக் கால்கள் அனைத்தையும் வெட்டி, சடலங்களை மறுபடியும் இடம் மாற்றினார். உணர்கொம்பு இழப்பதைவிடப் பன்மடங்கு கொடிய காயம் அது. இருந்தும் அந்தப் பன்னிரண்டில் ஐந்து வண்டுகள் மறுநாள் சடலத்தில் இருந்தன. மணம் அறியும் உறுப்பு உணர்கொம்பே என்பது இப்படி உறுதியானது. கொடுமையான சோதனைதான், ஆனால் தன் முடிவின் மீதே சந்தேகம் கொள்ளும் ஒழுங்கு அதில் இருந்தது. இந்த ஒழுங்கை நினைவில் வைத்துக்கொள்வது, பின்னால் வருவதைப் புரிந்துகொள்ள உதவும்.

களத்தில் அரிதான ஒரு பிணந்தின்னி வண்டைக் கண்டெடுப்பவர் இன்றும் உருப்பெருக்கியின் கீழ் முதலில் பார்ப்பவற்றுள் ஒன்று அதே உணர்கொம்புதான். ஐரோப்பாவின் புதைவண்டுகளில் முழுக் கறுப்பாக இருக்கும் ஹ்யூமேட்டர் இனத்தின் உணர்கொம்பு நுனி ஆரஞ்சு நிறம் கொண்டது. இறக்கை உறைகளில் ஆரஞ்சுப் பட்டைகள் கொண்ட வெஸ்பிலோய்டிஸ் இனத்தில் அந்த நுனி கறுப்பு. அதே போன்ற பட்டைகளோடு ஆரஞ்சு நுனியும் இருந்தால் அது வேறோர் இனம். எது என்பதை முடிவு செய்யப் பின்னங்காலின் வளைவு, உடலின் மேலுள்ள மயிர்களின் நிறம் போன்றவற்றைப் பார்க்க வேண்டும். அந்தக் குடும்பத்தின் மிகப் பெரிய ஐரோப்பிய இனமான ஜெர்மானிக்கஸ், மத்திய ஐரோப்பாவின் பல பகுதிகளில் மிக அரிதாகிவிட்டது. அதைப் பெரிய ஹ்யூமேட்டர் என்று எண்ணி ஏமாறுபவர் உணர்கொம்பைப் பார்த்தால் தெளிவு பெறுவார்: ஜெர்மானிக்கஸின் நுனி கறுப்பு. சடலத்திலிருந்து எழும் கந்தகம் கலந்த ஆவிகளை உணரும் நுண்ணுறுப்புகள் இந்த நுனியில்தான் நெருங்கி அமைந்துள்ளன என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

இத்தகைய அறிவு இன்று குற்றப் புலனாய்வுக்கும் பயன்படுகிறது. சடலத்தில் எந்தப் பூச்சி எந்தப் பருவத்தில் உள்ளது என்பதைக் கொண்டு மரண நேரத்தைக் கணிக்கும் பணியில், ஃபோரெலின் சொந்த மாநிலமான வோவின் காவல்துறையும் லோசான் விலங்கியல் அருங்காட்சியகமும் 1990களில் இணைந்து ஈடுபட்டன.

எறும்புகளிடமும் ஃபோரெல் இதே கேள்வியைக் கேட்டார். ஒன்றையொன்று கண்டால் கொன்றுவிடும் பகை இனங்களின் உணர்கொம்புகளை வெட்டி ஒரே இடத்தில் விட்டபோது, அவை சண்டையின்றி ஒன்றாக வாழ்ந்தன. எறும்புக்கு உறவும் பகையும் உணர்கொம்பின் வழியே வரும் அறிவு என்பது தெளிவாயிற்று.

ஒரு நண்பரின் மரணம்

மியூனிக்கில் ஃபோரெல் பேராசிரியர் குட்டனிடம் உதவியாளராக இருந்தார். பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக்குடன் 1886ஆம் ஆண்டு ஏரியில் இறந்து கிடந்த அதே குட்டன். அந்நகரில் ஃபோரெலுக்கு வாய்த்த நெருங்கிய நண்பர் எட்வர்ட் ஸ்டைன்ஹைல். ஒளியியல் கருவிகள் செய்யும் தொழிலில் இருந்த அவர், வண்டுகளைச் சேகரிப்பதில் தீராத ஆர்வம் கொண்டவர். இருவரும் 1878ஆம் ஆண்டில் கொலம்பியாவுக்குப் பூச்சி சேகரிக்கப் புறப்பட்டார்கள். வழியில் கரீபியக் கடலில் உள்ள செயின்ட் தாமஸ் தீவில் ஸ்டைன்ஹைல் நோயுற்று இறந்தார். ஃபோரெல் பயணத்தைக் கைவிட்டுத் திரும்பி வந்து, நண்பரின் குடும்பத்துக்கு அந்தச் செய்தியைக் கொண்டு சேர்த்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1883இல், அந்த நண்பரின் மகள் எம்மாவை மணந்தார். கொலம்பிய மண்ணை அவர் மிதித்தது 1896ஆம் ஆண்டில்தான்.

சூரிச் மருத்துவமனை

1879ஆம் ஆண்டில் சூரிச்சின் புர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனையின் இயக்குநராக ஃபோரெல் பொறுப்பேற்றார். 1898ஆம் ஆண்டு வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், அந்தப் பதவியில் இருந்தார். சீர்கெட்டிருந்த அந்த நிறுவனம் ஐரோப்பாவில் பெயர் பெற்ற மருத்துவமனைகளுள் ஒன்றானது அவர் காலத்தில் தொடங்கிய மாற்றம். அவருக்குப் பின் அங்கு பொறுப்பேற்றவர் ஓய்கன் ப்ளாய்லர். ப்ளாய்லரிடம் உதவியாளராகச் சேர்ந்தவர் கார்ல் யுங்.

மூளை ஆய்விலும் ஃபோரெலின் பங்கு சிறியதல்ல. மூளையின் அடிப்பகுதியில் அவர் விவரித்த பகுதிகள் இன்றும் ஃபோரெல் புலங்கள் என்றே அழைக்கப்படுகின்றன. நரம்பு மண்டலம் இடையறாத வலைப்பின்னல் அல்ல, தனித்தனிச் செல்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் அமைப்பு என்ற கருத்தை 1887ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். ஏறக்குறைய அதே வேளையில் வில்ஹெல்ம் ஹிஸ் என்பவரும் தனித்து அதே முடிவுக்கு வந்திருந்தார். அந்தக் கருத்துக்கு வலுவான சான்று தந்த ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரமோன் இ கஹாலுக்கு 1906ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது. ஃபோரெலின் பெயர் அடிக்குறிப்புகளில் தங்கிவிட்டது. அந்த ஆதங்கம் அவருக்கு இருந்தது.

மருத்துவமனையில் அவரை வாட்டிய கேள்வி குடிநோய். குடியை விட்டவர்கள் வெளியேறிய சில வாரங்களில் மீண்டும் அதே வாசலில் வந்து நின்றார்கள். அதே ஊரில் யாக்கோப் போஸ்ஹார்ட் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி, குடிகாரர்கள் பலரை நிரந்தரமாகத் திருத்திவந்தார். படித்த மருத்துவரால் முடியாதது ஒரு செருப்புத் தொழிலாளிக்கு எப்படி முடிகிறது என்று ஃபோரெல் அவரிடமே கேட்டார். தாம் மதுவைத் தொடுவதில்லை, மருத்துவரோ குடிக்கிறார், வேறு காரணம் இல்லை என்பது அவர் தந்த விடை. பேராசிரியர் அந்த விடையை ஏற்றுக்கொண்டார். அன்று முதல் மதுவை முற்றாக விலக்கினார். 1880களின் இறுதியில் எல்லிக்கோன் என்னும் ஊரில் குடிநோயாளர்களுக்கென ஓர் இல்லம் நிறுவப்பட்டபோது, அதை நடத்தும் பொறுப்பு அந்தச் செருப்புத் தொழிலாளியிடமே ஒப்படைக்கப்பட்டது. ஒயின் விளையும் நாட்டில் மதுவிலக்கு பேசிய ஃபோரெலுக்கு எதிரிகள் பெருகியதில் வியப்பில்லை.

பம்பாய்க்கும் இலங்கைக்கும் நீண்ட கை

மருத்துவமனைப் பணியும் சொற்பொழிவுகளும் முடிந்த பின் கிடைத்த நேரத்தில், உலகின் பல மூலைகளிலிருந்து வந்த பெட்டிகளை ஃபோரெல் பிரித்தார். அவற்றில் ஊசியில் குத்தியும் சாராயத்தில் ஊறவைத்தும் அனுப்பப்பட்ட எறும்புகள் இருந்தன. பம்பாய் மாகாணத்தில் வன அதிகாரியாக இருந்த ராபர்ட் ராட்டன் அவருக்கு ஏராளமான எறும்புகளை அனுப்பினார். இலங்கையில் பூச்சிகளைச் சேகரித்த பிரிட்டிஷ் படை அதிகாரி யெர்பரியின் பெயர் அங்கு வாழும் ஓர் எறும்பினத்துக்கு ஃபோரெலால் சூட்டப்பட்டது. ராட்டன் பெயரிலும் எறும்புகள் உண்டு. இவற்றை அனுப்பியவர்களுக்கு உதவிய உள்ளூர் மக்களின் பெயர்களில் எறும்புகள் இல்லை. அது அக்காலத்து வழக்கம்.

இந்தியப் பேரரசு மற்றும் இலங்கையின் எறும்புகள் குறித்த அவரது தொடர் கட்டுரைகள் 1892ஆம் ஆண்டு முதல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகையில் வெளியாகின. இரண்டு பத்தாண்டுகள் நீண்ட பணி அது. நம் வீட்டு முற்றத்தில் சுள்ளெறும்பு என்றும் கட்டெறும்பு என்றும் பொதுவாகச் சொல்லிப் போகும் உயிர்களுக்குள் எத்தனை இனங்கள் உள்ளன என்பதை, இந்தியாவுக்கு ஒருமுறையும் வந்திராத ஒருவர் லென்ஸின் வழியே பிரித்துக் காட்டினார்.

மொத்தத்தில் ஏறத்தாழ 3,500 எறும்பு வகைகளை அவர் விவரித்ததாகக் கணக்கிடப்படுகிறது. இதில் ஒரு குறையும் உண்டு. இனம், துணை இனம், அதற்குள் ஒரு வகை என்று நுண்ணிய வேறுபாடுகளுக்கெல்லாம் பெயர் வைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. அந்தப் பெயர்களில் பல ஒரே இனத்தைக் குறிப்பவை என்று பின்வந்தவர்கள் கண்டறிந்து நீக்கினார்கள்.

மனிதரைத் தரம் பிரித்தபோது

ஃபோரெலின் வாழ்வில் இருண்ட பகுதி இங்கிருந்து தொடங்குகிறது. மனநோய், குடி, குற்றம் ஆகியவை பரம்பரையாக இறங்குபவை என்று அவர் நம்பினார். இனமேம்பாட்டுக் கொள்கையின் ஐரோப்பிய முன்னோடிகளில் அவரும் ஒருவர். சூரிச்சில் பணியாற்றிய காலத்திலேயே நோயாளிகள் சிலருக்கு விதைநீக்கமும் மலடாக்கும் அறுவையும் நடைபெற அவர் காரணமாக இருந்தார். மருத்துவக் காரணம் கூறப்பட்டாலும், சந்ததி உருவாகாமல் தடுப்பதே நோக்கம் என்பதை அவர் மறைக்கவில்லை. பாலியல் பிரச்சினை குறித்து 1905ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் பல மொழிகளில் பரவியது. பெண்களின் உரிமைக்காக அக்காலத்துக்கு மிகத் துணிச்சலான கருத்துகள் அதில் உள்ளன. அதே நூலில், ஐரோப்பியர் அல்லாத மக்களைத் தாழ்ந்தவர்களாகக் காட்டும் பகுதிகளும் உள்ளன.

இருபத்தெட்டு அடி தொலைவில் வைத்த ஒரு சடலத்துக்காகத் தன்னுடைய முடிவையே சந்தேகித்தவர், மனிதர்கள் விஷயத்தில் அந்தச் சந்தேகத்தைக் கைவிட்டார் என்பதே இங்குள்ள முரண். குடிகாரரின் மகன் குடிகாரனாவதற்குப் பரம்பரை காரணமா, வளர்ந்த வீடும் வறுமையும் காரணமா என்பதைப் பிரித்தறிய அவரிடம் சோதனை எதுவும் இருக்கவில்லை. யாக்கோப் போஸ்ஹார்ட் திருத்திய குடிகாரர்களே அவருக்கு எதிர்ச்சான்றாக இருந்திருக்க வேண்டும்.

விளைவுகள் அவரது மருத்துவமனையோடு நிற்கவில்லை. அவரிடம் பயின்ற ஜெர்மானியர் ஆல்ஃபிரட் ப்ளோயட்ஸ், இனத் தூய்மைக் கொள்கைக்கு 1895ஆம் ஆண்டில் பெயர் கொடுத்தவர். வோ மாநிலம் 1928ஆம் ஆண்டில் மனநோயாளர்களை மலடாக்க அனுமதிக்கும் சட்டத்தை இயற்றியது. ஐரோப்பாவில் இத்தகைய முதல் சட்டம் அதுவே. ஃபோரெலின் கருத்துகளின் செல்வாக்கு அதில் இருந்தது. 1985ஆம் ஆண்டு வரை அது நடைமுறையில் இருந்தது. ஃபோரெல் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1933இல், ஜெர்மனியின் நாஜி அரசு கட்டாய மலடாக்கச் சட்டத்தைக் கொண்டுவந்து லட்சக்கணக்கானோரை அதற்கு உள்ளாக்கியது. நாஜிகளின் செயலுக்கு ஃபோரெலைப் பொறுப்பாக்குவது சரியல்ல என்று வாதிடுபவர்கள் அவரது சமாதானப் பணியைச் சுட்டிக்காட்டுகிறார்கள். பாதையைத் திறந்தவர்களில் அவரும் ஒருவர் என்பதை மறுப்பது கடினம்.

இடது கையால் எழுதிய ஆண்டுகள்

1898ஆம் ஆண்டில் ஐம்பது வயதில் பதவி விலகிய ஃபோரெல், பின்னர் ரோன் பள்ளத்தாக்கில் உள்ள இவோர்ன் கிராமத்தில் குடியேறினார். அந்த நாட்களில் ஒரு சிறு கவனிப்பு, பூச்சியியலில் பெரிய கிளையொன்றுக்கு வித்திட்டது. வீட்டின் வெளித்தளத்தில் காலை உணவு உண்ணும்போது ஜாமைத் தேடித் தேனீக்கள் வந்தன. மேசையில் ஜாம் இல்லாத நாட்களிலும் அவை அதே வேளைக்கு வந்து காத்திருந்தன. தேனீக்களுக்கு நேரத்தின் நினைவு உண்டு என்று 1910ஆம் ஆண்டில் அவர் எழுதினார். 1920களின் இறுதியில் ஜெர்மனியில் கார்ல் ஃபான் ஃபிரிஷின் மாணவி இங்கபோர்க் பெலிங் அதை முறையான சோதனைகளால் நிறுவினார்.

1912ஆம் ஆண்டில் பக்கவாதம் தாக்கி ஃபோரெலின் வலது கை செயலிழந்தது. அவர் இடது கையால் எழுதப் பழகினார். நரம்பு மண்டலத்தை ஆராய்ந்த மருத்துவர், தன் உடலில் நேர்ந்ததை ஒரு நோயாளியின் குறிப்பேட்டைப் போலப் பதிவு செய்தார். முதல் உலகப் போர் மூண்டபோது போரை எதிர்த்து, உலக நாடுகள் ஒரே கூட்டமைப்பாக வேண்டும் என்று எழுதினார். சோசலிசக் கட்சியில் சேர்ந்தார். முதுமையில் பஹாய் சமயத்தை ஏற்றார். எறும்புகளின் சமூக வாழ்வு பற்றிய ஐந்து தொகுதி நூல் 1921 முதல் 1923 வரை வெளியானது. 1931ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் தேதி இவோர்னில் காலமானார்.

நாட்டின் மிகப் பெரிய மதிப்புள்ள பணத்தாளில் 1978ஆம் ஆண்டில் அவர் படம் வந்தபோது எறும்புகளையே பலரும் நினைத்தார்கள். மனநல மருத்துவ வரலாறு ஆவணங்களின் துணையோடு எழுதப்பட்டபோது பார்வை மாறியது. சூரிச் பல்கலைக்கழகத்தில் இருந்த அவரது மார்பளவுச் சிலை, 2000களின் நடுப்பகுதியில் நீண்ட விவாதத்துக்குப் பின் அகற்றப்பட்டது. ஒப்புதல் அளிக்க இயலாதவர்களை மலடாக்குவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் கூட்டாட்சிச் சட்டத்தை சுவிட்சர்லாந்து நாடாளுமன்றம் இயற்றியது 2004ஆம் ஆண்டில்தான்.

ஃபோரெலின் எறும்புத் தொகுப்பு ஜெனீவா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையிலோ இலங்கையின் காடுகளிலோ கிடைக்கும் ஓர் எறும்பை இன்னது என்று உறுதி செய்ய விரும்பும் ஆய்வாளர்கள், அவர் கையெழுத்திட்ட சிறு சீட்டுகளோடு ஊசியில் நிற்கும் அந்த மூல மாதிரிகளைத்தான் இன்றும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.